கோழிப் பெட்டியில் வைக்கோல்

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கே அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. நியாயம் நம் பக்கம் இருக்கும்போது குரலை உயர்த்தினால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று கேட்பேன். நியாயம் என் பக்கம் இல்லாத நாள் என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை. இரண்டாயிரத்து ஐந்தில் அந்தப் பெருவெள்ளம் வடிந்து மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

எங்கள் ஊர் குமராட்சியைத் தாண்டிக் கொள்ளிடக் கரையை ஒட்டி இருக்கிறது. என் வீட்டுக்காரர் அன்பரசுக்குக் கடலூரில் ஷிப்டு வேலை. சனிக்கிழமைதான் வருவார். மகள் வடலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். நான் தினமும் மினி பஸ் பிடித்துச் சிதம்பரம் போய், கீழ வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டைப் செய்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவேன். பகல் முழுக்க வீட்டில் இருப்பது பொன்னி மட்டும்தான். பொன்னி என் நாத்தனார், அன்பரசுவின் தங்கை. பத்து வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவள் காதைக் கொண்டுபோய்விட்டது. பேச்சு போகவில்லை. நம் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். பதிலை உரக்க, ஒரே சீராகச் சொல்வாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்குள் அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் சிமெண்டுத் தரையில் காலை ஓங்கித் தட்டுவேன். அதிர்வு தெரிந்து திரும்பிப் பார்ப்பாள்.

கொல்லையில் இருக்கிற கோழிகள் எல்லாம் அவளுடையவை. ஒன்பது பெட்டை, ஒரு சேவல். பழக்கடையில் சொல்லிவைத்து ஐந்து ஆப்பிள் பெட்டிகளை நான்தான் பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் அதைச் செங்கல் மேல் வரிசையாக வைத்து, முன்பக்கம் சாக்குத் துண்டைத் தொங்கவிட்டாள். முட்டையிடக் கோழிக்குக் கொஞ்சம் இருட்டு வேண்டும். பெட்டிக்குள் மெத்தை போட அவள் வைத்திருந்த முறை ஒன்றே ஒன்றுதான்: கொள்ளிடத்து மணலைச் சலித்து, அடுப்புச் சாம்பல் கலந்து, பேன் பிடிக்காமலிருக்க மேலே ஒரு கொத்து வேப்பிலை. தினமும் காலையில் மணலைக் கையால் தடவி வழவழவென்று சமப்படுத்துவாள். சாயங்காலம் சாக்கைத் தூக்கி மணலை ஒரு பார்வை பார்ப்பாள், பிறகுதான் கையை விடுவாள். ஒரு பெட்டிக்கு ஒரு முட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுப்பாள். ஒன்று இருந்தால்தான் கோழி மறுநாளும் அங்கேயே வந்து இடும், வழித்து எடுத்துவிட்டால் கோபித்துக்கொண்டு வேலிப் புதருக்குப் போய்விடும்.

வெள்ளத்துக்குப் பிறகு அந்த மணல் காயவே இல்லை. முட்டை சேறாக வந்தது. ஒரே வாரத்தில் நான்கு முட்டை அடி விரிந்து உடைந்தது. கறுப்புப் பெட்டை ஒன்று உடைந்த முட்டையைக் குடித்து ருசி கண்டுகொண்டு, நல்ல முட்டையையும் கொத்த ஆரம்பித்தது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் கால்நடை முகாமுக்காக ஒரு நோட்டீஸ் எங்கள் கடைக்கு டைப்புக்கு வந்தது. புறக்கடைக் கோழி வளர்ப்புக்குப் பத்துக் குறிப்புகள். முட்டைப் பெட்டியில் நான்கு அங்குல உயரத்துக்குக் காய்ந்த வைக்கோல், நெல் உமி அல்லது மரச்சீவல் பரப்ப வேண்டும் என்று ஐந்தாவது குறிப்பு சொன்னது. என் கையாலேயே டைப் செய்தேன். அப்புறம் அது எனக்குச் சட்டமாகிவிட்டது.

உமிக்கு அலைந்தேன். ரைஸ் மில்லுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்று, உமி மொத்தமும் புளித்து நாறிக்கொண்டிருந்தது. குமராட்சி தச்சுப் பட்டறையில் சீவலைச் சூளைக்காரர்கள் ஏற்கெனவே அள்ளிப் போயிருந்தார்கள். மிச்சம் வைக்கோல்தான். ஊரில் நனையாத வைக்கோல் ஒரே இடத்தில்தான் இருந்தது. எங்கள் தெருவில் இருக்கும் தங்கராசு மாமாவின் வைக்கோல் போர் மேட்டுக் களத்தில் இருந்ததால் தண்ணீர் அதைத் தொடவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போய்க் கேட்டு, கிழக்குப் பக்கமாக உருவி, ஒரு பெரிய கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் பொன்னி கட்டைப் பார்த்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"வைக்கோல் வேணாம் அண்ணி."

"ஏன்? உன் மணல்ல முட்ட உடையறது பத்தலியா?"

"வெயில் வந்துட்டா மணல் காஞ்சிரும். வைக்கோல்ல உள்ள என்னா இருக்குதுன்னு தெரியாது. மணல்னா கோடு தெரியும்."

"என்னா கோடு?"

அவள் ஆள்காட்டி விரலால் காற்றில் நெளிவாக ஒன்று வரைந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது. ஒரு கிலோமீட்டர் நடந்துபோய்ப் பஸ் பிடிக்க இன்னும் அரை மணிதான் இருந்தது.

"பாம்புக்கு வேற எடமே இல்லாம உன் கோழிப் பொட்டியில வந்து குடித்தனம் பண்ணப் போவுதா? படிச்சவங்க எழுதிக் குடுத்தத நான் டைப் பண்ணியிருக்கேன். அவுங்களவிட உனக்கு ஜாஸ்தி தெரியுமா?"

முதல் பெட்டியை அப்படியே தூக்கிக் கவிழ்த்தேன். மணலும் சாம்பலும் என் புடவை மேலேயே பறந்தது, அது வேறு என் கோபத்தைக் கிளப்பியது. ஐந்து பெட்டியையும் கவிழ்த்து, ஐந்திலும் வைக்கோலைத் திணித்தேன். மீதிக் கட்டைப் பக்கத்திலேயே சாய்த்து வைத்தேன். மணல் சலிக்கிற சல்லடை காலில் இடறியது. எடுத்து வேலியைத் தாண்டி வீசினேன். பிறகு அவள் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்.

"சாயந்தரம் நான் வந்து பாக்கும்போது இது இப்பிடியே இருக்கணும். இல்லன்னா நடக்கறதே வேற."

நான் திரும்பி நடக்கும்போது பின்னாலிருந்து அவள் சொன்னாள்.

"எனக்குச் சத்தம் கேக்காதே அண்ணி."

அது என் காதில் நன்றாகவே விழுந்தது. நின்று என்ன சத்தம் என்று கேட்டிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டேன்.

சாயங்காலம் நாலரை மணி வண்டியில் ஏறினேன். கண்டக்டர் காத்தவராயன் எங்கள் ஊர்க்காரர்தான். மழைக்குப் பிறகு ரோடு கெட்டுப் போனதால் வண்டி ஆடி ஆடித்தான் போனது. குமராட்சியில் தங்கராசு மாமாவின் மனைவி ரத்தினம்மாள் அத்தை, காய்கறிப் பையோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தையே இதுதான்.

"உனக்கு விஷயம் தெரியுமா மாலதி? காலையில எங்க வைக்கோல் போர்ல ரெண்டு விரியன் அடிச்சாங்க. கண்ணாடி விரியன். ஒவ்வொன்னும் இந்தத் தண்டி." தன் முழங்கையைப் பிடித்துக் காட்டினாள்.

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"எந்தப் பக்கம் அத்த?"

"கெழக்கால. வெள்ளத்துக்கு மேடு தேடி வந்து பூந்திருக்குது. மாமா மூணு பாத்ததா சொல்றாரு. இன்னொன்னு எங்க போச்சின்னு தெரியல, போரையே பிரிச்சிப் பாத்துட்டாங்க." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "நேத்து நீ எந்தப் பக்கம் எடுத்த?"

நானும் கிழக்குப் பக்கம்தான் உருவியிருந்தேன். நேற்று அந்தக் கட்டு என் தலைமேல் இருந்தது, என் கை அதை அணைத்துப் பிடித்திருந்தது, காலையில் ஐந்து பெட்டியிலும் என் கையாலேயே திணித்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியென்றால் அது மீதிக் கட்டில் இருக்கலாம். அல்லது ஒரு பெட்டிக்குள் போய் முட்டை மேல் சுருண்டிருக்கலாம். பொன்னி ஐந்தரை மணிக்குச் சாக்கைத் தூக்குவாள். பார்ப்பதற்கு மணல் இருக்காது. கையை விட்டுத் துழாவுவாள்.

கண்ணாடி விரியன் சும்மா கடிக்காது. முதலில் சீறும். குக்கரில் ஆவி பீறிடுகிற மாதிரி விடாமல் சீறும், பத்தடி தள்ளி நிற்கிறவன்கூடக் காலைப் பின்னால் இழுத்துக்கொள்வான். எங்கள் பக்கம் வயலில் இறங்குகிற பாதிப் பேர் அந்தச் சத்தத்தால்தான் உயிரோடு இருக்கிறார்கள். எனக்குச் சத்தம் கேட்காதே என்று அவள் காலையில் சொன்னது இதைத்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"காத்தவராயண்ண, உங்க செல்லுலேர்ந்து எங்க தெருவுக்கு ஒரு போன் போடுங்க. ராமாமிர்தம் கடைக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காரணம் கேட்காமல் நம்பரை அழுத்தினார். காதில் வைத்துக் கேட்டார். திரும்பவும் அழுத்தினார்.

"வெள்ளத்துல போன லைன் இன்னும் வரலம்மா. வேற யாருகிட்ட செல்லு இருக்குது?"

எங்கள் தெருவில் வேறு யாரிடமும் இல்லை. டிரைவரிடம் போய் வேகமாக ஓட்டச் சொன்னேன். "ரோட்டப் பாத்தீங்களாக்கா? இதுக்குமேல போனா அச்சு முறிஞ்சிரும்" என்றார் அவர். வழக்கமாக இருந்தால் அவரை ஒரு வழி பண்ணியிருப்பேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசல் படியிலேயே நின்றேன். ரத்தினம்மாள் அத்தை என்னென்னவோ தைரியம் சொன்னாள். ஒன்றும் மனதில் பதியவில்லை. என் கைக்கடிகாரத்தில் ஐந்து பத்து.

ஊருக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் மதகு உடைந்து கிடந்தது. பஸ் அதற்கு மேல் போகாது. இறங்கி, மேலே போட்டிருந்த பனங்கட்டையைத் தாண்டி நடந்துதான் போக வேண்டும். வண்டி நிற்பதற்குள் குதித்தேன். சேற்றில் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது. அதை விட்டேன். இன்னொன்றையும் உதறிவிட்டு ஓடினேன். பின்னால் ரத்தினம்மாள் அத்தை கத்திக்கொண்டே வந்தாள். எனக்கு நாற்பத்தொரு வயது, உட்கார்ந்தே வேலை செய்கிற உடம்பு. பாதி தூரத்தில் மூச்சு அடைத்தது. நிற்கவில்லை. இன்றைக்கு மட்டும் அவள் அசதியாகத் தூங்கியிருக்க வேண்டும், இன்றைக்கு மட்டும் முட்டை எடுக்க மறந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஓடினேன். எதையும் மறக்கிற ஆள் இல்லை அவள். அன்பரசுவிடம் என்ன சொல்வேன்? நோட்டீஸில் போட்டிருந்தது என்றா?

வீட்டு வாசல் சாத்தியிருந்தது. பக்கச் சந்து வழியாகக் கொல்லைக்கு ஓடினேன். கோழிகள் எல்லாம் வேலி மேலும் கொய்யா மரத்திலும் ஏறிக்கொண்டு கொக்கரித்துத் தீர்த்தன. சேவல் தரையில் நின்று இறக்கையை அடித்துக்கொண்டிருந்தது. பொன்னி எனக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள். வைக்கோல் கட்டு அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் அவிழ்ந்து கிடந்தது. அவள் அதற்குள் கையை விட்டு ஒரு பிடி வைக்கோலை உருவி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சீறல் சந்துமுனையில் நின்ற எனக்குக் கேட்டது. கட்டுக்குள்ளிருந்து, விடாமல் வந்தது.

"பொன்னி! கைய எடு! கைய எடுடி!"

தொண்டை கிழியக் கத்தினேன். அவள் அந்தப் பிடியைப் பெட்டிக்குள் பரப்பிவிட்டு, அடுத்த பிடிக்குக் கையை நீட்டினாள். காலைத் தரையில் ஓங்கித் தட்டினேன். சேறு, சிமெண்டு இல்லை. ஒரு அதிர்வும் போகவில்லை. எங்களுக்கு நடுவில் பதினைந்தடி இருக்கும், அவள் கைக்கும் கட்டுக்கும் நடுவில் ஒரு சாண். நான் போய்ச் சேர மாட்டேன் என்று தெரிந்தது. என் கையில் மூன்றடுக்குச் சாப்பாட்டுக் கேரியர் இருந்தது. பலத்தையெல்லாம் கூட்டி அதை அவள் மேல் எறிந்தேன்.

இடது தோளில் பட்டது. அவள் வலதுபக்கமாகச் சரிந்து விழுந்தாள். கேரியர் மூடி உருண்டு கட்டின் மேல் போய் மோதியது. அடுத்த மூச்சில் நான் அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று கிணற்றடி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன். அவள் ஒரு கையால் தலையை மறைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அந்த ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"போட்டுட்டேன் அண்ணி. போட்டுட்டேன். ரெண்டு பொட்டிதான் பாக்கி. நீங்க வர்றதுக்குள்ள போட்டுடலாம்னுதான் அண்ணி. அடிக்காதீங்க."

அப்போதுதான் பெட்டிகளைப் பார்த்தேன். மூன்றில் வைக்கோல் இருந்தது. இரண்டில் மணல், சமமாக, வழவழவென்று. நான் காலையில் பஸ் ஏறியதும் வைக்கோலை எல்லாம் எடுத்துக் கட்டோடு சேர்த்துவிட்டு, மணலைத் திரும்பப் போட்டிருக்கிறாள். கோழிகள் அதிலேயே இட்டிருக்கின்றன. முட்டையை நேரத்தோடு எடுத்துக் கூடையில் வைத்துவிட்டாள். அவள் பாட்டுக்கு இருந்திருந்தால் அந்தக் கட்டுப் பக்கமே போயிருக்க வேண்டியதில்லை. சாயங்காலம் நான் வந்து பார்ப்பேன் என்பதற்காகத்தான், என் கண்ணுக்காகத்தான், மணலை அள்ளிவிட்டுத் திரும்ப வைக்கோலைத் திணித்துக்கொண்டிருந்தாள். உள்ளே என்ன இருக்கும் என்று பயந்த அதே வைக்கோலில் கையை விட்டிருக்கிறாள். பாம்பைவிட என்னிடம் அவளுக்குப் பயம் அதிகமாக இருந்திருக்கிறது.

ரத்தினம்மாள் அத்தை போட்ட கூச்சலில் தங்கராசு மாமா கம்போடு ஓடிவந்தார். தூரத்தில் நின்று கட்டைக் கம்பால் புரட்டினார். தடித்த உடம்பு, முதுகெல்லாம் சங்கிலி போட்ட மாதிரி வட்டம். நான் பொன்னியின் முகத்தைப் பிடித்துத் திருப்பி அதைக் காட்டினேன். அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். மாமா இரண்டு அடியில் வேலையை முடித்து, கம்பில் தூக்கிக்கொண்டு போனார். மீதி வைக்கோலையும் பெட்டியில் இருந்ததையும் களத்துக்கு இழுத்துப்போய்க் கொளுத்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கோழிகள் என்ன மெத்தையில் முட்டையிட்டன என்று கேட்காதீர்கள். பொன்னி போட்டதில் இட்டன.

அவளை உள்ளே அழைத்துப்போய், கட்டிலில் உட்கார வைத்து, ஜாக்கெட்டை விலக்கித் தோளைப் பார்த்தேன். கேரியரின் விளிம்பு பட்ட இடம் கன்றிப்போய் வீங்கியிருந்தது. ரத்தம் இல்லை. கை நகம் நகமாகப் பார்த்தேன், கடி எதுவும் இல்லை. தேங்காயெண்ணெயைச் சூடு பண்ணித் தடவினேன். அழுகையை அடக்க முடியவில்லை. அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் வந்து குந்தினேன்.

"நான் கத்துனேன்டி. உனக்குக் கேக்கல. அதான் எறிஞ்சேன்."

"இப்பத் தெரியுது அண்ணி."

"நீ மணலப் போட்டுட்டேன்னு கோவத்துல எறிஞ்சேன்னா நெனச்ச?"

"ஆமா."

கொஞ்சம்கூட யோசிக்காமல் சொன்னாள். எனக்குச் சுரீரென்றது. அந்த நிலையிலும் எனக்குள் இருக்கிற வக்கீல் எழுந்து நின்றாள். நான் இந்த வீட்டுக்கு வந்து பதினேழு வருஷம். சாமான் மேல் கோபத்தைக் காட்டியிருக்கிறேன், சுவரில் கரண்டியை விட்டெறிந்திருக்கிறேன். அவள் மேல் ஒரு விரல் பட்டது கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.

"இத்தினி வருஷத்துல ஒரு நாளாவது உன்ன நான் அடிச்சிருக்கேனா, சொல்லு?"

பொன்னி என் உதட்டிலிருந்து கண்ணை எடுத்து, என் கண்ணைப் பார்த்தாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்டால் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"இல்ல அண்ணி. இன்னைக்கா நாளைக்கான்னுதான் தெனமும் இருப்பேன்."

சொல்லிவிட்டு, நான் என்ன பதில் சொல்லப்போகிறேன் என்று திரும்பவும் என் உதட்டைப் பார்த்தாள்.